செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: தள்ளிப்போட்ட வேலைகள்

நம் பழைய கார் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு ஒன்றுதான்: ஊர்வலம், போட்டோ, புது டீ-ஷர்ட் எல்லாம் இந்த வருடம் கிடக்கட்டும், அவரவர் போர்ட்டிகோவில் ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று விட்டு வைத்திருக்கிற வேலைகளை முடிப்போம் என்பது. முக்கால்வாசி முடிந்தது. டிங்கரிங், பெயிண்ட் பக்கம் யாரும் போகக் கூடாது, முதலில் ப்ரேக் என்று செயற்குழு சொன்னதில் சிலருக்கு வருத்தம். “வண்டியைப் பார்க்கிறவன் ப்ரேக்கையா தம்பி பார்ப்பான்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். சரி, அவருடைய அம்பாசடரிலிருந்தே ஆரம்பிப்போம் என்று கிளம்பிவிட்டோம்.

அசோக் நகரில் பல வருடமாகக் கவர் போட்டு நின்ற வண்டி. பின் சக்கர ப்ரேக் ட்ரம் அசையவே இல்லை. அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி, மரச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி, நடுவில் இரண்டு முறை காபி குடித்து, அப்புறம்தான் கழன்று வந்தது. சக்கரத்தில் ப்ரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரைக் கழற்றி சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பிஸ்டனை வெளியே தள்ளினால், ப்ரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறச் சேறு. ப்ரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள், அதுவும் நம் ஊர் ஈரக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். சிலிண்டரைத் துடைத்துவிட்டு உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தோம். நகம் தடுக்கியது. துருக்குழி. அதில் புது ரப்பர் கிட் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடி கசியும். லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே ஸ்லீவ், அதாவது புது உலோகக் குழாய், போட்டு வாங்கினோம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மிடம் இருக்கிற பழைய அம்பாசடர்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ப்ரேக் லைன்தான். ஒரு சக்கரத்தில் ஆயில் கசிந்து போனாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும், நான்கிலும் ப்ரேக் இருக்காது. சீட் கவர் கிழிந்திருந்தால் கிண்டி பாலம் இறக்கத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கடைசியில் ப்ரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றும், ஏர் எடுக்கிற வேலை. பெடல் அமுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெரியவரின் வீட்டம்மா பெடலில் உட்கார்ந்தார். “அமுக்கு, பிடிச்சுக்கோ, இப்ப விடு” என்று பெரியவர் கீழேயிருந்து கத்த, “இன்னும் எத்தனை தடவைங்க? குக்கர் வேற கத்துது” என்று அந்த அம்மா மேலேயிருந்து கேட்க, பெடல் ஒரு வழியாகக் கல் மாதிரி நின்றது. ப்ரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

உதிரி பாகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: கிட், ஹோஸ், ப்ரேக் பைப் எல்லாம் ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்குங்கள். புதுப்பேட்டையில் ட்ரம், கதவு, கண்ணாடி, பம்பர் தேடலாம், அதுவே ஒரு நாள் பொழுதுபோக்கு. ரப்பர் சாமான் எதையும் அங்கே வாங்காதீர்கள்.

அடுத்தது ஹெரால்டு கார். 1961 முதல் நம் சென்னைக்காரர்களே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியில் செய்த வண்டி என்பதால் எனக்கு அதன் மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, மறைக்கவில்லை. முன்பக்கம் முழுதாகத் தூக்கிக்கொள்ளும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், இடுப்பு வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல கார் கிடையாது. ஆனால் முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை மரையில் உட்காரும் மூட்டான ட்ரனியனில் யாரோ வருடக் கணக்காகக் கிரீஸ் அடித்து வைத்திருந்தார்கள். அதற்குக் கிரீஸ் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான். கிரீஸ் மரை வரைக்கும் போகாது. மரை காய்ந்து துரு ஏறினால் ஒரு நாள் திருப்பத்தில் அந்தத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு வைத்திருக்கும் எல்லோரும் இந்த வாரமே பாருங்கள். மெக்கானிக் ‘கிரீஸ் போதும் சார்’ என்றால் கேட்காதீர்கள்.

பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்களின் தொல்லை பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் ரப்பர் டயாஃப்ரமும் அதற்காகச் செய்தவை அல்ல, ஊறி இளகிவிடுகின்றன. எத்தனால் தண்ணீரையும் இழுப்பதால் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் துரு பிடிக்கிறது. ஹோஸை மாற்றுங்கள், மாதக் கணக்கில் நிற்கப்போகிற வண்டியின் டேங்கைக் காலி செய்யுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் விடுங்கள், அந்த உப்புப் படிவு பக்கெட்டில் தெரிகிற மாதிரியே உள்ளேயும் படியும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களுக்கும் இதே பேச்சுதான், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். சங்கத்திடம் வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று விஷயம். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், 20,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போகிறவர்கள் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அடுக்குமாடியில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் மீது, பார்க்கிங்கில் ஆயில் சிந்துகிறார் என்று அவர் குடியிருப்புச் சங்கம் புகார் எழுதியது. தரையில் பழைய பேனர் விரித்து, மேலே மரத்தூள் போட்டு வேலை செய்யச் சொல்லியிருக்கிறோம். புகார் எழுதியவரின் அப்பாவும் ஒரு காலத்தில் ஃபியட் வைத்திருந்தாராம், புகார் எழுதியவரே போன வாரம் வந்து கார்ப்ரேட்டரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிர்வாகிகள் மாற்றம் இல்லை, வேறு யாரும் முன்வரவில்லை. வரும் வருடம் ஒயரிங் வேலை எடுப்பதாக உத்தேசம். துணி சுற்றிய பழைய ஒயர் இன்னும் பல வண்டிகளில் இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் பொங்கலுக்குள் கட்டிவிடவும். அப்புறம், சங்கத்து டார்க் ரெஞ்சும் ஃபீலர் கேஜும் யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை, கூட்டம் முடிந்து டிபன் ஆரம்பிப்பதற்குள் மேஜை மேல் வந்தால் சரி.