கேபிளைப் பாருன்னு சொல்லுது, மச்சான்

அன்பு மச்சான்,

எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டு வலி, மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். ஹட்டன்ல இப்ப மழைதான். கொழும்புக்காரன் நீ எழுதுவேன்னு பாத்தேன், எழுதல. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம தோட்டத்து வாசிகசாலைக்கு ஒரு கம்பெனி பழைய கம்ப்யூட்டர் தந்திருக்கு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, 11 இதுல ஏறாது, உடனே நமக்கு அன்பளிப்பு. ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்துட்டு வேன்ல ஏறிட்டாங்க. ஒன்னையாவது போட்டுப் பாப்போம்னு ஒருத்தருக்கும் தோணல.

விண்டோஸுக்குப் பதிலா, சும்மா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு. மறுநாள் போட்டா கறுப்புத் திரையில 'பிஎக்ஸ்இ-இ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்'. அதை வாசிச்சதுதான் தாமதம், கண்ணாடி மாஸ்டர் மேசைக்கடியில பூந்துட்டார், கேபிள் தேட! சோக்குக் கட்டிய காதுல சொருகிட்டு வகுப்பெல்லாம் தேடின அதே மனுஷன். அது கேக்கிறது நெட்வர்க் கேபிளை. ஹார்ட் டிஸ்க்கை விட்டுட்டு நெட்வர்க்ல இருந்து பூட் ஆக, அதாவது கிளம்ப, பாக்குது.

காரணம், மதர்போர்டுல காசு மாதிரி இருக்குமே, சிஆர்2032 பேட்டரி, அது செத்துப்போச்சு. 3 வோல்ட் இருக்கணும், மீட்டர் 1.2 காட்டுது. ராத்திரி கரண்ட் போனா நான் வச்ச பூட் ஓர்டர், எதுல இருந்து முதல்ல கிளம்பணுங்கிற வரிசை, அழிஞ்சிரும். எஃப்12 அமத்தி ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினாத்தான் ஏறுது. திகதியும் 2008க்குப் போயிருது, அதனால பிரவுசர் எந்த வெப்சைட்டையும் நம்பாது, சான்றிதழ் பிழைன்னு நிக்குது. பிள்ளைங்க இன்டர்நெட் டோங்கிளைத் திட்டுதுங்க.

கூட்டத்துல பென்டியம் 4 சிப் போட்ட பழைய பெட்டி ஒன்னு இருக்கு. 64 பிட் கேர்னல் (லினக்ஸோட மையப்பகுதி) எனக்கு ஆகாதுன்னுட்டான் கிழவன். டெபியன்னு இன்னொரு லினக்ஸ், அதோட 13ல 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. 12ஐப் போட்டேன், மூச்சு வாங்கி ஓடுறான்.

வயிறு எரியுது மச்சான். டவுன்ல கழிச்சது தோட்டத்துக்குப் போதும்னு ஒரு நினைப்பு. கொழுந்தெடுக்கிற அக்காமாரோட பிள்ளைங்க சாதாரண தரத்துக்கு ஐசிடி, அதான் கம்ப்யூட்டர் பாடம், எடுத்துட்டு, கீபோர்டைத் தொடாமலே பரீட்சை எழுதுதுங்க. இந்த ஓட்டைப் பெட்டிக்கும் வரிசையில நிக்குதுங்க. அதனாலதான் விட மனசில்ல.

புறக்கோட்டைப் பக்கம் போனா முதலாம் குறுக்குத் தெருவுல சிஆர்2032 ஒரு அட்டை வாங்கு. டிடிஆர்2 ராம் 2 ஜிபி கிடைச்சா அதுவும். லாப்டாப்புக்குப் போடுற குட்டை ராம் வேணாம், நீளமானது. சல்லி நீ வந்ததும் தர்றேன். பழைய பாக்கியை அதுல சேக்காதே!

உன் மச்சான்