ஹான்ஸ் பெத்தேயும் சூரியனும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பௌதிகவியலாளர் ஹான்ஸ் பெத்தேயின் பிறந்தநாளையொட்டித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தோம். ஆனால் சூரியன் காபன் வட்டத்தால் எரிகிறது என்று அதில் வந்தது பிழை. உயர்தர மாணவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைப்பதால் இதை எழுதுகிறோம்.

காபனின் துணையோடு நான்கு புரோத்தன்கள் (ஐதரசன் கருக்கள்) ஓர் ஈலியம் கருவாக இணைந்து சக்தியை வெளிவிடும் தாக்கத் தொடரே காபன் வட்டம். அது இதுதான். காபன் 12 ஒரு புரோத்தனை ஏற்று நைதரசன் 13 ஆகும். அது பொசித்திரனை (நேரேற்றமுள்ள இலத்திரனை) விட்டுக் காபன் 13 ஆகும். அடுத்த புரோத்தனோடு நைதரசன் 14, மூன்றாவதோடு ஒட்சிசன் 15. அதுவும் பொசித்திரனை விட்டு நைதரசன் 15 ஆகும். நான்காவது புரோத்தன் சேர, ஈலியம் 4 வெளியேறித் தொடக்கக் காபன் அப்படியே மிஞ்சும். இதில் மிக மெதுவானது நைதரசன் 14 புரோத்தனை ஏற்கும் படி. முழு வட்டத்தின் வேகமும் அதன் கையில்.

சூரியன் இந்த வட்டத்தால் எரிகிறது என்று 1939இல் முடிவுசெய்த பெத்தே, சூரிய மையத்தின் வெப்பநிலையை 2 கோடி கெல்வின் அளவில் எடுத்தார். நைதரசனின் அளவையும் மிகக் கூட்டி எடுத்தார். உண்மையில் மையம் ஏறத்தாழ 1.5 கோடி கெல்வின். சிறிய வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் இந்த வட்டம் வெப்பநிலைக்கு அவ்வளவு கூருணர்வுடையது, இவ்விரண்டுக்கும் இடையில் அதன் வேகம் நூறு மடங்குக்கு மேல் மாறிவிடும். சூரிய சக்தியில் வட்டத்தின் பங்கு சுமார் 1 சதவீதமே. மீதி, புரோத்தன்கள் காபனின் துணையின்றி நேரடியாக இணையும் புரோத்தன்–புரோத்தன் தொடரால் வருகிறது. அதையும் 1938இல் பௌதிகவியலாளர் கிரிச்ஃபீல்டுடன் சேர்ந்து கணித்தவர் பெத்தேதான். காபன் வட்டம் ஆட்சி செய்வது சூரியனைவிடப் பாரமான விண்மீன்களில்.

அவர் அமெரிக்க ஜனாதிபதியின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் இருந்ததைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அது எமக்குக் குறையாகப் படுகிறது. அணுச் சோதனைத் தடையை விரும்பியவர் அவர். 1959இல், பெரிய நிலக்கீழ்க் குழியொன்றில் குண்டை வெடித்தால் நில அதிர்வு பலமடங்கு குறையும், அதனால் சோதனையை மறைத்துவிடலாம் என்று தடையை எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள். குழிச் சுவர் நொருங்காமல் மீள்தன்மையோடு நின்றால் அதிர்வு வெளியே குறைவாகவே செல்லும். பெத்தே கணக்கைச் சரிபார்த்தார், சரியென்று கண்டார், தன் பக்கத்துக்குப் பாதகம் என்று தெரிந்தும் ஜெனீவாவில் சோவியத் நிபுணர்கள் முன் எடுத்துரைத்தார். 1966இல் மிசிசிப்பியின் உப்புப் பாறைக் குழியில் 0.38 கிலோதொன் வெடித்தபோது அதிர்வு சுமார் 70 மடங்கு குறைந்தது. 1963இன் அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையோ நிலக்கீழ்ச் சோதனையைத் தடைசெய்யாமலே விட்டிருந்தது.

திருத்தத்தை அதே அறிவியல் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பௌதிகவியல் ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.