டெவில்ஸ் லேக்கில் அம்மாவைக் கீழே கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சினில் டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவில், போன சனிக்கிழமை பேலன்ஸ்டு ராக் பாதையில் கால் பிசகி உட்கார்ந்துவிட்ட என் அம்மாவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி. ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தைப் பூங்கா அலுவலகத்தில் அன்றே கொடுத்துவிட்டேன். "நம்ம பாஷையிலயும் எழுதிப் போடு, மனசு ஆறும்" என்று அம்மா சொன்னார்.

அந்தப் பாதை அரை மைல்கூட இல்லை. ஆனால் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 500 அடிக்கு எழும்பி நிற்கிற பாறைச் சரிவில் கல்படிகளாகச் செங்குத்தாக ஏறுகிறது, அதுவும் குவார்ட்சைட் கல், கொஞ்சம் ஈரம் பட்டாலே வழுக்கும். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. தூறல் விழுந்து இறங்கும்போதுதான் அம்மா சறுக்கினார்.

முதலில் ஓடிவந்த அக்கா, கணுக்காலை மெல்ல அழுத்திப் பார்த்து, உங்கள் பையிலிருந்த க்ரேப் பேண்டேஜை அவ்வளவு பக்குவமாகச் சுற்றிவிட்டீர்கள். அப்புறம் அந்த இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவர் தோள் கொடுக்க, இன்னொருவர் ஒரு படி கீழே நின்று பின்பக்கமாகவே இறங்கினார், அம்மா விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. ஒவ்வொரு படிக்கும் அம்மா "தம்பி, மெதுவா" என்றார். பாதி வழியில் அந்தப் பையனே "மெதுவா, மெதுவா" என்று சொல்ல ஆரம்பித்தபோது வலியை மறந்து அம்மா சிரித்ததை நான் மறக்கவே மாட்டேன். ஒன்றரை மணி நேரம்! உங்கள் சனிக்கிழமையில் பாதி போயிருக்கும், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

முன்னால் ஓடிப்போய்த் தகவல் சொன்னவருக்கும், ஐஸ் பையோடு வண்டியில் காத்திருந்த பூங்கா ஊழியர்களுக்கும் நன்றி. 1930களில், பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாமல், அரசின் வேலைத் திட்டமான சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸில் சேர்ந்து, இங்கே முகாமிட்டுக் கல் சுமந்து பாதை போட்ட இளைஞர்களையும் இந்த நேரத்தில் நினைக்கத் தோன்றுகிறது.

எலும்பு முறிவு இல்லை, வெறும் சுளுக்குதான். மூன்று வாரம் ஓய்வு. அடுத்த முறை கரையோரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால் போதும் என்கிறார் அம்மா. இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு இது புனித ஏரி என்று சொன்னேன், "அதான் நல்லவங்களை அனுப்பிச்சிருக்கு" என்றார்.

தம்பி, உங்கள் கைத்தடி ஒன்று எங்கள் காரிலேயே வந்துவிட்டது. துடைத்துப் பூங்கா அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்.