21,50,400: கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 22, தேசிய கணித நாள் வந்துவிட்டால் பள்ளிச் சுவர்களில் இராமானுஜன் எண்ணான 1729 தொங்கும். 1³ + 12³, 9³ + 10³ என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், நாமும் கைதட்டுவோம். இராமானுஜன் மீது எனக்கும் பக்தி உண்டு. ஆனால் ஒப்பிப்பது கணக்கு ஆகாது. இந்த ஆண்டு 21,50,400 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

நம் பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில், ஒன்றை 320 கூறாக்கினால் முந்திரி. முந்திரியை மறுபடி 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அதை 21 கூறாக்கினால் இம்மி. பரவலாக வழங்கும் வாய்பாட்டின்படி, ஒன்றில் 21,50,400 இம்மி.

இரண்டு முறை 320 வந்தபின் திடீரென்று 21 எதற்கு? 320-இன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே. அரை, கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80) எல்லாம் அதற்குள் சுகமாக அடங்கும். செட்டிநாட்டுக் கூட்டுக் குடும்ப வீடான வளவு வீட்டில், ஒன்றைப் பங்கிட மூன்று பங்காளிகள் வந்து நின்றால்தான் சிக்கல். ஆளுக்கு 106 முந்திரி எழுதியபின் 2 முந்திரி மிஞ்சும். அதை உடைத்தால் 640 கீழ்முந்திரி. ஆளுக்கு 213, மீதி 1. அந்த ஒன்றை உடைத்தால் 21 இம்மி, ஆளுக்கு 7. மிச்சமில்லை, சண்டையும் இல்லை. ஏழு பேர் என்றால் ஆளுக்கு 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி. 3-ஐயும் 7-ஐயும் ஒரே படியில் கொண்டுவந்து சேர்ப்பது அந்த 21தான்.

மொத்த எண்ணைக் காரணிப்படுத்தினால் 2¹² × 3 × 5² × 7. வகுக்கும் எண்கள் மட்டும் 156. இவ்வளவு இருந்தும் 9 வகுக்காது. இலக்கங்களைக் கூட்டினால் 12 வருவதே சாட்சி. நகரத்தார் குலத்துக்கு ஒன்பது நகரக் கோயில்கள் உள்ள செட்டிநாட்டில் ஒன்பதுக்கு மசியாத எண்! ஆனால் 2520 என்ற பொடி எண் 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். அதில் 3 இரண்டு முறை இருக்கிறது, இம்மியில் ஒரு முறைதான். எண் எவ்வளவு பெரியது என்பதில் ஒன்றுமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதே பேச்சு. பகா எண்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வாய்பாடு இம்மியோடு நிற்கவில்லை. இம்மியில் பதினொன்றில் ஒன்று மும்மி, அதில் ஏழில் ஒன்று அணு, அதில் ஒன்பதில் ஒன்று குணம். ஆக, ஒன்பது பங்காளிகளுக்கு மிச்சமின்றிப் பிரிக்கக் குணம் வரை இறங்க வேண்டும். ஒன்றில் 149,02,27,200 குணம்.

எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். சார்ட் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம். பதின்மூன்று பங்காளிகள் வந்தால் குணமாவது கைகொடுக்குமா என்று கேளுங்கள். வகுத்துப் பார்க்காமல், காரணிகளைப் பார்த்தே பிள்ளைகள் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
பங்குக் கணக்கு எழுதிப் பழகிய ஒருவன்,
காரைக்குடி