இருபதா, பத்தொன்பதா?

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும், சித்திரை பிறந்துவிட்டது. திட்டுவதை நேரில் வரும்போது மொத்தமாக வைத்துக்கொள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆச்சி நலம், பெரியவன் விவகாரத்தில் புதிதாக ஒன்றுமில்லை.

முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன், போன வாரம் பதினொன்றாம் வகுப்புப் பேத்தியிடம் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தனி ஊசலின் குண்டை 10 செ.மீ. உயர்த்தி விட்டால் அடியில் அதன் வேகம் என்ன என்பது கணக்கு. அவள் சீரான முடுக்கத்துக்கான சமன்பாட்டில் வில்லின் நீளத்தைப் போட்டு மல்லாடிக்கொண்டிருந்தாள். கோணம் குறையக் குறைய முடுக்கமும் குறையுமே, அது எப்படிச் சீராகும்? ஆற்றலைப் பார் என்றேன். இழந்த நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகிறது, நிறை இருபுறமும் அடிபட்டுப் போகிறது, வினாடிக்கு 1.4 மீட்டர். “அப்படியானால் குண்டுக்குப் பதில் ஆயா உட்கார்ந்தாலும் இதே 1.4தானா, ஐயா?” என்றாள். என் வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. அவள் ஆயாவை, அதாவது நம் ஆச்சியை, வீட்டின் இரண்டாம் கட்டு ஊஞ்சலில் உட்கார வைத்து, ஒரு முறை போய்த் திரும்பும் அலைவு நேரத்தையும் அளந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

சங்கிலி 2.44 மீட்டர். நீளம் என்றால் ஈர்ப்பு மையம் வரை என்று வகுப்பில் முழங்கிய பழக்கத்தில், உட்கார்ந்த ஆச்சிக்காக 30 செ.மீ. கழித்தேன். 2.14 மீட்டருக்கு இருபது அலைவுகள் ஏறக்குறைய 59 வினாடி வர வேண்டும். பேத்தி எண்ணினாள்: 59! மகிழ்ச்சியில் இரண்டு தேன்குழல் கூடுதலாகத் தின்றேன்.

இரவு தூக்கம் வரவில்லை. ஊஞ்சலை விட்ட கையோடு அவள் “ஒன்று” என்றது காதிலேயே நின்றது. நினைவுக்கு வந்தது நீதான். ஆய்வகத்தில் அதே “ஒன்று”க்காக டஸ்டரால் வாங்கியவன் நீ. ஓர் அலைவுகூட முடியுமுன்பே “ஒன்று” என்றால், “இருபது” என்னும்போது முடிந்திருப்பது பத்தொன்பதுதான்! விடிந்ததும் ஆச்சியின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் பூஜ்யத்திலிருந்து எண்ணினோம். 62.

உத்திரத்தை நிமிர்ந்து பார்த்தபோதுதான் புத்திக்கு எட்டியது. நான்கு சங்கிலிக்கும் நான்கு தனிக் கொக்கிகள். சங்கிலிகள் ஒன்றுக்கொன்று இணையாகவே ஆடுவதால் பலகை சாய்வதே இல்லை. ஆச்சியின் தலையும் காலும் ஒரே அளவு வில்லில்தான் நகர்கின்றன. ஆகவே முழுச் சங்கிலி நீளம்தான் கணக்கு, கழிக்க ஒன்றுமில்லை. விடை 62.7. குறைகிற முக்கால் வினாடியைச் சங்கிலியின் எடை தின்றிருக்கும்.

அவள் பிழையும் என் பிழையும் கைகோத்துக்கொண்டு சரியான விடை போல வந்து நின்றிருக்கின்றன, சொக்கு. முதலில் சிரித்தேன். பிறகு வயிற்றைக் கலக்கியது. விடை பொருந்திவிட்டது என்று எத்தனை ஆய்வேடுகளில் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு மையில் ‘சரி’ போட்டிருப்பேன்? ஒருவனையாவது “எப்படி எண்ணினாய்?” என்று கேட்டிருப்பேனா?

உன் வீட்டு ஊஞ்சலில் பக்கத்துக்கு இரண்டு சங்கிலியும் மேலே ஒரே கொக்கியில் சேரும் அல்லவா? முன்னும் பின்னும் ஆட்டினால் அங்கே பலகை சாயும்; நான் கழித்தது அங்கே செல்லுபடியாக வேண்டும். உன் ஆச்சியைக் கெஞ்சி உட்கார வைத்து, சங்கிலி நீளத்தையும் இருபது அலைவு நேரத்தையும் எழுது.

பூஜ்யத்திலிருந்து எண்ணு.

உன்
முத்து