பல்கலைக்கழகப் படிவத்தில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் நின்று திரும்பியவர்கள் பல்கலைக்கழகம் வந்தால் அவர்களுக்கென்று தனியான சேவைகள் வேண்டும் என்ற பேச்சு வன்னியில் அவ்வப்போது எழும். எழும்போதெல்லாம் அமெரிக்காவை உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் அங்கிருந்து எதை எடுப்பது, எதை அங்கேயே விட்டுவிடுவது என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால், நல்லது செய்யப்போய் ஆட்களை மாட்டிவிட்டதாகத்தான் முடியும்.

படையில் இருந்தவர்களின் படிப்புக்கு அரசு உதவும் அங்குள்ள ஏற்பாடு, 1944 ஜூன் 22இல் கையெழுத்தான ‘ஜி.ஐ. பில்’ என்ற சட்டத்தோடு தொடங்கியது. இப்போது பெரிதும் பயன்படுவது 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு சேவை செய்தவர்களுக்கானது. தகுதி முழுமையாக இருந்தால் 36 மாதப் படிப்புக்கு அரச பல்கலைக்கழகக் கட்டணம், வாடகைப் படி, புத்தகக் காசு எல்லாம் கிடைக்கும். மாணவர் முதலில் சேவைச் சான்றைக் காட்டிப் படைவீரர் விவகாரத் திணைக்களத்திடம் தகுதிக் கடிதம் எடுக்கவேண்டும். அந்தக் கடிதம் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே இருக்கும் ஓர் அலுவலரிடம் போகும். இந்தத் தவணை இவர் இத்தனை பாடம் படிக்கிறார் என்று அவர் திணைக்களத்துக்கு அறிவித்தால்தான் பணம் வரும். நடுவில் ஒரு பாடத்தை விட்டால் அதையும் அறிவிப்பார். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி கடனாகத் திரும்பி நிற்கும்.

அத்தனையும் தொடங்குவது ஒரே கேள்வியில்: நீங்கள் படையில் இருந்தீர்களா? அங்கே ‘ஓம்’ என்றால் உரிமை கிடைக்கும். இங்கே ‘ஓம்’ என்றால் அடுத்த கிழமை வீட்டுப் படலையில் யார் வந்து நிற்பார்களோ என்ற பயம்தான் கிடைக்கும். 2009இல் போர் முடிந்த பிறகு, விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்த ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தார்கள். அந்தப் புனர்வாழ்வுச் சான்றிதழைப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பவரிடம் ‘அதை எடுத்துக்கொண்டு மாணவர் நலப் பிரிவுக்கு வாருங்கள்’ என்றால் அவர் வரமாட்டார். படிப்பையே விட்டுவிடுவார்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் ஆயுதப்படை, பொலிஸ், விசேட அதிரடிப்படைச் சேவையில் உள்ளவர்களுக்கு விசேட அனுமதி ஏற்பாடு உண்டு. மறுபக்கத்தில் நின்றவர்களுக்கும் அப்படியொன்றைக் கேட்கவேண்டும் என்பது சிலருடைய வாதம். நியாயம் இருக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டுமே. எங்கள் யோசனை வேறு. யார் எங்கே நின்றார் என்று கேட்கவே வேண்டாம். பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி போதும்: ‘படிப்பதற்கும் பரீட்சை எழுதுவதற்கும் உங்களுக்கு என்ன வசதி தேவை?’ அந்தக் கேள்விக்கு எறிகணை (செல்) விழுந்து கால்போன பொதுமகனும் பதில் எழுதலாம், போராளியாக இருந்தவரும் எழுதலாம், தெற்கிலிருந்து வவுனியாவுக்குப் படிக்கவரும் காலிழந்த சிப்பாயும் எழுதலாம். ஒருவரும் பழைய கதை சொல்லத் தேவையில்லை.

அந்த வசதிகள் என்னென்ன என்பதில்தான் விசயம் இருக்கிறது. செயற்கைக்காலை எடுத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்ட கால், விடிய இருந்த பருமனில் பின்னேரம் இருக்காது. நடக்க நடக்கச் சற்று வற்றும், செயற்கைக்காலில் அதைச் செருகும் கிண்ணம் தளரும், அதற்கு இன்னொரு சொக்ஸ் ஏற்றிப் போடவேண்டும். கிளிநொச்சி வெயிலில் உள்ளே வியர்த்து ஊறும்; துடைத்து உலர்த்திப் போடாமல் நடந்தால் உரசிக் கொப்பளிக்கும். கொப்பளம் உடைந்து புண்ணானால் ஆறும் வரைக்கும் அந்தக் காலைப் போடமுடியாது. அதற்கு நாட்களல்ல, கிழமைகள் ஆகலாம். இதற்குத் தேவைப்படுவது பெரிய கட்டடமல்ல. கதவு பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு கதிரை, நல்ல தண்ணீர், இரண்டு பாடங்களுக்கு நடுவே 15 நிமிடம். எட்டு மணிக்கு ஒரு கட்டடத்தில் பாடம் முடிந்து, எட்டு மணிக்கே அடுத்த கட்டடத்தின் மேல்மாடியில் பாடம் தொடங்கும் நேரசூசிதான் ஆளை விழுத்துகிறது.

அடுத்தது வரவு. 80 வீத வரவு இல்லையென்றால் பரீட்சைக்கு இருக்கமுடியாது என்பது பரவலான விதி. கால் புண்ணாகிப் போன நாட்களும், கிண்ணம் மாற்ற யாழ்ப்பாணம் போன நாட்களும் அந்த மிச்ச 20 வீதத்தைத் தின்றுவிடும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் சரிதானே என்பார்கள். அதைக் குறித்த நாட்களுக்குள் கொடுக்கவேண்டும், பல்கலைக்கழக மருத்துவ அலுவலர் ஏற்கவேண்டும். பிந்தினால் மீள்பரீட்சை, அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பல பீடங்களில் சாதாரண சித்திக்கு மேல் புள்ளி ஏறாது. நிரந்தரமான குறைபாட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புதுச் சான்றிதழ் கேட்பதில் என்ன அர்த்தம்? போன கால் அடுத்த தவணைக்கு முளைக்குமா? முதலாம் வருடத்தில் ஒரு தடவை மருத்துவர் பார்த்து, பட்டம் முடியும்வரை செல்லுபடியாகும் ஒரே கடிதம் கொடுத்தால் முடிந்தது. அதில் நோயின் பெயரோ காயம் வந்த விதமோ எழுதக்கூடாது. ‘கீழ்த்தள மண்டபம், மணிக்கு 15 நிமிடம் மேலதிக நேரம், எழுந்து நடக்க அனுமதி’ என்று வசதி மட்டும் இருக்கவேண்டும். விரிவுரையாளர் அறியவேண்டியது அவ்வளவுதான்.

எழுந்து நடக்க அனுமதி ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் செல்பீஸ் (எறிகணைத் துண்டு) இருப்பவர் மூன்று மணித்தியாலம் பலகை வாங்கில் அசையாமல் இருக்கமுடியாது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுடையோருக்கு மேலதிக நேரமும் எழுத்து உதவியாளரும் தருகிறது. அதே மாணவர் பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கவேண்டியிருக்கிறது. வெடிச்சத்தத்தில் ஒரு காது போனவர்களின் பாடு இன்னும் வெளியே தெரியாது. விரிவுரையாளர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் அவருக்குப் பாதி போய்விடும். ஒலிவாங்கியும், முதல் நாளே கிடைக்கும் குறிப்பும் அதைச் சரிசெய்யும்.

கட்டடங்களுக்குச் சட்டம் ஏற்கெனவே உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களைக் கட்டுப்படுத்துகின்றன. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 1:12 என்பது எங்கும் எடுக்கும் அளவு. எங்கள் பக்கம் வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்தித்தான் கட்டுவார்கள். மேடை 45 சென்ரிமீற்றர் என்றால் சாய்தளம் 5.4 மீற்றர் நீளவேண்டும். இடமில்லை என்று இரண்டு மீற்றரில் முடித்துவிடுவார்கள். பிறகு அதில் சைக்கிள்தான் ஏறும். மலசலகூடத்தில் கொமட்டும் கைபிடியும் இல்லாவிட்டால் மற்ற எல்லா வசதியும் வீண், ஏனென்றால் அந்த மாணவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்தான் இருப்பார்.

மனக்காயம் பற்றி ஒன்று. மாணவ ஆலோசகராகப் பெரும்பாலும் இருப்பவர் அதே பீடத்து விரிவுரையாளர். விடைத்தாள் திருத்துகிறவரிடம் போய் ‘இரவில் நித்திரை இல்லை’ என்று யார் சொல்வார்? வவுனியா, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவிலிருந்து கிழமையில் ஒரு நாள் ஒருவர் வந்திருந்தால் நல்லது. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தை விடுதிச் சுவரில் ஒட்டுவதற்குச் செலவேயில்லை. இடமும் ஒரு விசயம்தான். 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருப்பது பம்பைமடுவில். 2009இல் பெண் போராளிகள் புனர்வாழ்வுக்காக வைக்கப்பட்டிருந்ததும் பம்பைமடுவில்தான். அந்த வீதியால் பஸ்ஸில் வருவதே சிலருக்குப் பாரம் என்பதை நிர்வாகம் தெரிந்துவைத்திருந்தால் போதும், விசாரிக்க வேண்டாம்.

அமெரிக்காவிடமிருந்து எடுக்கவேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது பணம் பிந்தும் விசயம். அங்கே 2018இல் வந்த சட்டமொன்று, அரசிடமிருந்து வரவேண்டிய கட்டணம் பிந்தினால் 90 நாள் வரை மாணவரை வகுப்பிலிருந்தோ நூலகத்திலிருந்தோ தடுக்கக்கூடாது, தாமதக் கட்டணமும் அறவிடக்கூடாது என்கிறது. இங்கே மகாபொல என்ற மாணவர் உதவித்தொகை 2025 ஏப்ரலில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது சந்தோசம். ஆனால் காசு பிந்தும்போது விடுதிக் கட்டணத்துக்கும் புதுப்பித்தல் பதிவுக்கும் தவணை பிந்துவதில்லை. மகாபொல நிலுவையில் உள்ளவருக்கு 90 நாள் பொறுக்கலாம் என்று பல்கலைக்கழகப் பேரவை ஒரு தீர்மானம் எடுத்தால் போதுமானது.

இரண்டாவது, கைத்தொழில் அறிவுக்கு மதிப்பு. அமெரிக்கப் படையில் பெற்ற பயிற்சியை அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் பாடப்புள்ளியாக மாற்றிக்கொடுக்கும். எங்களிடம் அதற்கு ஈடானது ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’. இயக்கத்தில் வாகனம் திருத்தப் பழகியவர், பிறகு பத்து வருடம் கராஜில் நின்றிருந்தால், அந்தக் கராஜ்காரரின் கடிதமும் செய்த வேலைகளின் படங்களும் கொண்டு, தொழிற்பயிற்சிக்கான அரச அதிகாரசபையான நைட்டாவில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் ‘செய்து காட்டு’ என்பார். முதன்முதலில் எங்கே பழகினாய் என்று தோண்டமாட்டார். எங்களுக்கு வேண்டியதும் அந்த மாதிரி ஒரு கதவுதான். தேசிய தொழில் தகைமையில் நாலாம் மட்டம் (என்.வி.கியூ. 4) கிடைத்ததும் பலர் அதோடு நிற்கிறார்கள். 5, 6 டிப்ளோமா மட்டம், 7 பட்டம். கிளிநொச்சி அறிவியல் நகரில், பொறியியல் பீடம் இருக்கும் அதே இடத்தில், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. பட்டத்துக்கு இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (யுனிவோடெக்). தடுக்கி விழுமிடம் ஆங்கிலம். அதற்கு மாலைநேர வகுப்பு உள்ளூரிலேயே வேண்டும்.

2009இல் 17 வயதாக இருந்தவர் இப்போது முப்பதுகளின் நடுவில். அவருக்கு உயர்தரம் எழுதி வெட்டுப்புள்ளியோடு மல்லுக்கட்டுவதைவிடத் திறந்த பல்கலைக்கழகம் பொருத்தம். உயர்தரம் இல்லாதவரும் 18 வயது நிரம்பியிருந்தால் அடித்தளக் கற்கைநெறியால் உள்ளே போகலாம். விண்ணப்பிக்க முதல் கடதாசிகளை அடுக்கிவைப்பது முக்கியம். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் போயிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கவேண்டும். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சத்தியக்கடதாசி கேட்பார்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் கிழமை ஓடித் திரிந்தால் சரிவராது. இரண்டு மாதம் முந்தியே தொடங்கவேண்டும்.

இனிவரும் வருடங்களில் வாசலில் நிற்கப்போவது அவர்களைவிட அவர்களின் பிள்ளைகள். 2006, 2007இல் பிறந்தவர்கள் உயர்தரம் எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். உதவித்தொகைப் படிவத்தில் தகப்பனின் வருமானம் கேட்கும். தகப்பன் இல்லையென்றால் மரணச் சான்றிதழ் கேட்கும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க அந்தத் தாய் சம்மதிக்கமாட்டார். மரணப் பதிவு பற்றிய 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, ஆள் காணப்படவில்லை என்று சான்றிதழ் எடுக்க வழியுண்டு. அதுவும் எடுக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குக் கிராம அலுவலரின் கடிதத்தில் பிரதேச செயலாளர் மேலொப்பம் வைத்தால் போதும் என்று யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களின் மாணவர் நலப் பிரிவுகள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். புதுமுக மாணவர் பதிவுக்கு முன்பே அந்த அறிவித்தல் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உயர்கல்வி விண்ணப்பங்களுக்கு உதவும் சிலர்,
கிளிநொச்சி.