குக்கிராமத்திலேயே கூடட்டும் கிராம சபை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வன உரிமைப் பட்டா பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். காட்டில் வாழும் மக்களுக்கு அவர்கள் பயன்படுத்தும் நிலத்தில் உரிமை தரும் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைப்பது இந்தப் பட்டா. தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தடைபட்டு, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே நகர்ந்தது. இப்போதோ மேடையில் எத்தனை பட்டா கொடுத்தோம் என்பதே அரசியல் பேச்சாகிவிட்டது. மனுவை முதலில் விசாரித்துத் தீர்மானம் போடும் அதிகாரத்தைச் சட்டம் கொடுத்தது கிராம சபைக்கு. அமைச்சருக்கோ வட்டாட்சியருக்கோ அல்ல. 2012 திருத்த விதிப்படி கிராம சபை உறுப்பினர்களில், அதாவது ஊரின் வயது வந்தோரில், பாதிப் பேராவது கூட்டத்துக்கு வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்.

சேர்வராயன் மலையில் இது அவ்வளவு எளிதல்ல. காபிப் பழம் பறிக்கும் மாதத்தில் ஊராட்சித் தலைமையிடத்தில் கூட்டம் வைத்தால், எங்கள் பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலைப்பாதையில் நடக்க வேண்டும். அப்புறம் யார் வருவார்கள்? எங்கள் பக்கத்தில் நடந்த கூட்டத்தில் மனுக் கொடுத்த குடும்பங்களின் பெண்கள் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. பட்டாவோ கணவன், மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டியது. ஆகவே மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு குக்கிராமத்திலும், தோட்ட வேலை இல்லாத நாளில், வன உரிமைக்கென்றே தனிக் கூட்டம் நடத்த வேண்டும். மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் உடனே தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு இருப்பது 60 நாள்தான்.

– ஒரு வாசகர், ஏற்காடு